குக்கியை அழித்தாலும் அடையாளம் போகாது

சின்னக் கடைக்காரர்களுக்கு வலைத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். ஈரோட்டில் ஜவுளிக் கடைகள், ஒரு பர்னிச்சர் கடை, ஒன்றிரண்டு கிளினிக், ஒரு டியூஷன் சென்டர் என்று வாடிக்கையாளர்கள். தளம் ஏறிய மறுநாளே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "யார் யார் வந்தாங்க?" அதனால் வலைத்தளங்கள் ஆட்களை எப்படி அடையாளம் கண்டு பின்தொடர்கின்றன என்பதை நான் உள்ளேயிருந்து பார்க்கிறேன். என் சொந்தப் போனில் எதை மூடி வைக்கலாம், எதை விட்டுவிடலாம் என்ற முடிவுகளும் அங்கிருந்து வந்தவைதான்.

ஒரு ஜவுளிக்கடை அண்ணன் சுற்றி வளைக்காமல் கேட்டார். "தம்பி, நேத்து அந்த சாஃப்ட் சில்க் சேலைய அத்தன பேரு பார்த்துட்டு வாங்காமப் போயிட்டாங்களே, அவங்க நம்பர் எடுக்க முடியுமா?"

"நம்பர் வராதுங்கண்ணா. ஆனா அவங்க வேற எங்க போனாலும் அந்தச் சேலை கண்ணுல படுற மாதிரி பண்ணலாம்."

"பேரே தெரியாம எப்படிப்பா பண்ணுவ?"

நியாயமான சந்தேகம். அன்றைக்கு என் லேப்டாப்பிலேயே காட்டினேன். குரோமில் எஃப் 12 விசையை அழுத்தி, அப்ளிகேஷன் என்ற பகுதியில் குக்கீஸ் என்பதைத் திறந்தால் அந்தத் தளம் நம் கணினியில் எழுதி வைத்திருப்பதெல்லாம் வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரு குக்கி. வந்தவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் போட்ட தளமாக இருந்தால் ஜிஏ என்ற பெயரில் ஒரு வரி இருக்கும். அதன் மதிப்பு 1834567290.1714032000 என்பதுபோல் முடியும். முதல் பாதி குருட்டாம்போக்கில் எடுத்த ஓர் எண். இரண்டாம் பாதி, அந்த பிரவுசர் அங்கே முதன்முதலில் வந்த நேரம். 1970 ஜனவரி 1-லிருந்து வினாடியாக எண்ணி எழுதியிருப்பார்கள். மேலே உள்ளதைக் கணக்குப் போட்டால் 2024 ஏப்ரல் 25, மதியம் 1.30 மணி. பெயர், ஊர் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் அதே பிரவுசர் வந்தால் அதே எண்ணை நீட்டும், "பழைய ஆள்" என்று தெரிந்துவிடும். இந்தக் குக்கிக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. குரோம் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைத்திருக்க விடாது, ஆனால் ஒவ்வொரு முறை நாம் தளத்துக்குப் போகும்போதும் அந்தக் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது.

குக்கி கெட்ட எண்ணத்தில் பிறந்ததில்லை. 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மான்டுல்லி அதைக் கொண்டுவந்தார். அதற்கு முன் வலைத்தளத்துக்கு ஞாபகமே கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் புது ஆள்தான், கூடையில் போட்ட சாமானும் மறந்துபோகும். அதைச் சரிசெய்யத்தான் குக்கி. சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒரு பக்கத்துக்குள் இருக்கும் விளம்பரமோ லைக் பட்டனோ வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது, அதுவும் தன் பங்குக்கு ஒரு குக்கியை வைத்துவிடுகிறது. அதே நிறுவனத்தின் துண்டு செய்தித்தளத்திலும் இருக்கிறது, சமையல் குறிப்புத் தளத்திலும் இருக்கிறது. சேலைக் கடைத் தளத்தோடு சேர்த்து மூன்று இடத்திலும் ஒரே எண் தென்பட்டால் சேலை பார்த்தவரும் சாம்பார் தேடியவரும் ஒருவரே என்று அதற்குத் தெரியும். அண்ணன் கேட்ட வேலையை அதுதான் செய்கிறது.

ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் இப்படி வேறு நிறுவனம் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுக்கத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-இல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தது. குரோம் 2020-இல் "இரண்டு ஆண்டில் எடுத்துவிடுகிறோம்" என்றது, தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டும் குரோமும்தான். எனவே குரோம் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் தேர்வை நாமே போய்ப் போட வேண்டும். போட்டதால் எனக்கு எதுவும் உடைந்ததில்லை, ஒன்றிரண்டு பழைய பேமென்ட் பக்கங்கள் தவிர.

இன்காக்னிட்டோ பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வேலை தேடுவது, டாக்டரைத் தேடுவது எல்லாம் அந்தக் கறுப்புச் சாளரத்தில்தான். "இதுல போனா யாருக்கும் தெரியாதுல்ல?" என்பாள். மாமாவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சாளரத்தை மூடியதும் அந்தப் போனில் வரலாறும் குக்கியும் அழியும். எதிர்முனையில் இருக்கும் தளத்துக்கும், இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் நீங்கள் வந்தது தெரியும். உள்ளே போய் ஜிமெயிலில் நுழைந்துவிட்டால் பேச்சே இல்லை. இந்தக் குழப்பத்தை வைத்து 2020-இல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024-இல் சமரசமானது. இன்காக்னிட்டோவில் சேர்ந்த நூறு கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது, அந்தச் சாளரத்தில் வரும் அறிவிப்பின் வாசகத்தையும் மாற்றியது. இப்போது அதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள், நான் சொன்னதைத்தான் சொல்கிறது.

சரி, குக்கியே இல்லாமல் ஆளைப் பிடிக்க முடியுமா? முடியும், அதுவும் நன்றாகவே. கிராமத்தில் பெயர் தெரியாத ஒருவரை "பச்சை டிவிஎஸ்ல, பின்னாடி ரெண்டு பால்கேன் கட்டிட்டு, சாயங்காலம் வருவாரே" என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அபூர்வமில்லை, சேர்ந்தால் ஒரே ஆள்தான். பிரவுசரின் கைரேகை என்று சொல்வது இதைத்தான். திரை அளவு, நேர மண்டலம், மொழி, கிராஃபிக்ஸ் சிப், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் ஓடும் நிரல் கேட்டு வாங்கிக்கொள்ளும். நம்மிடம் எதையும் சேமித்து வைக்காது, ஆகவே அழிப்பதற்கும் ஒன்றுமில்லை.

இ.எஃப்.எஃப் என்ற அமெரிக்க உரிமை அமைப்பு 2010-இல் இதைச் சோதித்தது. தன் தளத்துக்கு வந்த சுமார் 4,70,000 பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்துத் தெரிந்தன. அந்தச் சோதனைத் தளம் 'கவர் யுவர் டிராக்ஸ்' என்ற பெயரில் இன்றும் இருக்கிறது, இலவசம். என் அலுவலகக் கணினியில் ஓட்டினேன், "உங்கள் பிரவுசர் தனித்துவமானது" என்று வந்தது. போனில் ஓட்டினேன், அந்த அளவுக்கு இல்லை. முடிவை மட்டும் பார்த்துப் பயப்படாமல் கீழே உள்ள அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நேராக, எத்தனை பிரவுசரில் ஒன்றுக்கு இதே மதிப்பு இருக்கிறது என்று போட்டிருக்கும். நேர மண்டலம் -330. இந்தியா முழுக்க இதே எண்தான், பிரச்சினையில்லை. மொழி வரிசையில் தமிழ் முதலில் இருப்பது கொஞ்சம் அரிது. எழுத்துரு வரிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

காரணம் தொழில். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று டிடிபி வேலையும் வருவதால் பாமினி தொடங்கி டாம், டாப் என்று பழைய தமிழ் எழுத்துருக்கள் கொத்துக்கொத்தாக அந்தக் கணினியில் இருக்கின்றன. தளத்துக்கு நம் எழுத்துருப் பட்டியலை யாரும் கொடுப்பதில்லை, அது அளந்து கண்டுபிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சொல்லைச் சாதாரண எழுத்துருவில் எழுதி அதன் அகலத்தை அளக்கும். அப்புறம் "இதே சொல்லை பாமினியில் காட்டு" என்று கேட்டு மறுபடி அளக்கும். அகலம் மாறினால் பாமினி இருக்கிறது, மாறாவிட்டால் இல்லை. இப்படி நூற்றுக்கணக்கான பெயர்களைக் கண் இமைப்பதற்குள் கேட்டுவிடலாம். பழைய தமிழ் எழுத்துருக்களை அடுக்கி வைத்திருக்கும் டிடிபிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், தட்டச்சு மையங்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். அந்தக் கணினியில் இணையத்தில் சுற்றுவதையே குறைத்துவிட்டேன். அவசரமென்றால் ஃபயர்ஃபாக்ஸின் தனிச் சாளரம். அதில் கணினியோடு வந்த எழுத்துருக்களைத் தவிர நாமாகச் சேர்த்தவை தளங்களுக்குத் தெரியாது.

ஃபயர்ஃபாக்ஸில் கைரேகைத் தடுப்பு என்று இன்னும் கடுமையான ஓர் அமைப்பும் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். நேர மண்டலத்தை மறைப்பதால் கிளினிக் தளத்தில் அப்பாயின்ட்மென்ட் நேரமெல்லாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் காட்டியது. ஆன்லைனில் படத்தை வெட்டி ஒட்டும் தளங்களில் படம் கோடு கோடாக வந்தது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் பிரவுசரை ஒரு படம் வரையவைத்து, அது வந்த விதத்தைப் படித்து அடையாளம் காணும் வித்தையைத் தடுக்க அந்த அமைப்பு வேண்டுமென்றே குப்பைத் தரவைக் கொடுக்கிறது. வேலை செய்பவருக்குச் சரிப்படாது. உயிருக்கோ வேலைக்கோ ஆபத்துள்ள விஷயத்தைத் தேடுபவர்களுக்கு டோர் பிரவுசர் இருக்கிறது. அதன் நோக்கமே எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுவதுதான். அதிலும் ஆட்ஆன், அதாவது பிரவுசரோடு ஒட்டும் துணை நிரல் எதையாவது சேர்த்துவிட்டால் கூட்டத்திலிருந்து நீங்கள் மட்டும் தனியே தெரிவீர்கள்.

விபிஎன் விளம்பரங்கள் சொல்வதில் பாதியை நான் நம்புவதில்லை. விபிஎன் நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடுகிறது. அதனால் மாறுவது ஐபி முகவரி, அதாவது நம் இணைப்பு வெளியே காட்டும் எண், அவ்வளவுதான். மொபைல் இணையத்தில் பழைய வகையான ஐபிவி4 முகவரி ஒன்றையே ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். வேறு நாட்டு ஐபியில் போய் அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் கூகுளுக்கு நீங்கள் நீங்கள்தான். பொது வைஃபையில் உபயோகம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை விபிஎன் நிறுவனங்கள் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சொன்னதும் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போனதும் பழைய செய்தி.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது 2025 ஜூனில் வெளிவந்த ஓர் ஆய்வு. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகம், ஸ்பெயினின் இம்தேயா நெட்வொர்க்ஸ் போன்ற இடங்களின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இது. ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்கள் பின்னணியில் போனுக்குள்ளேயே ஒரு வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தன. பிரவுசரில் நீங்கள் திறக்கும் ஏதோ ஒரு கடையின் தளத்தில் மெட்டா பிக்சல், அதாவது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தரும் பின்தொடரும் நிரல் இருந்தால், அந்த நிரல் தன் குக்கி எண்ணை அந்த வாசல் வழியாக ஆப்பிடம் கொடுத்துவிடும். ஆப்பில் நீங்கள் சொந்தப் பெயரில் நுழைந்திருக்கிறீர்கள். பெயரில்லாத எண்ணுக்குப் பெயர் கிடைத்தாயிற்று. குக்கியை அழித்திருந்தாலும், இன்காக்னிட்டோவில் போயிருந்தாலும் இது நடந்தது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் 2017 முதலே இதைச் செய்துவந்ததும் அதே ஆய்வில் வெளியானது. விஷயம் வெளியே வந்ததும் மெட்டா நிறுத்திவிட்டது. நான் கடைகளுக்குப் போட்டுத் தருவதும் அதே பிக்சல்தான் என்பதால் அன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொரு தளமாகப் பார்த்தேன். கிளினிக் தளங்களிலிருந்து அதை எடுத்துவிட்டேன். எந்த டாக்டரின் பக்கத்தை யார் பார்த்தார் என்பது விளம்பர நிறுவனத்துக்குப் போக வேண்டிய விஷயமில்லை. டாக்டரும் மறுப்பு சொல்லவில்லை. என் போனில் அந்த ஆப்கள் இப்போது இல்லை, பிரவுசரில்தான் திறக்கிறேன். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அது நல்லதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் ஊரில் இதெல்லாம் இரண்டாம் பட்சம் என்றுதான் சொல்வேன். குக்கி, கைரேகை என்று வெள்ளைக்காரர்கள் மெனக்கெட்டுக் கண்டுபிடிப்பதை நாம் பத்து இலக்கத்தில் கையில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மொபைல் நம்பர். பிரவுசர் மாறினாலும் போன் மாறினாலும் அது மாறுவதில்லை. வங்கியும் ஆதாரும் அதில்தான் தொங்குகின்றன.

அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு விலை பார்க்க ஒரு ஒப்பீட்டுத் தளத்துக்குப் போனேன். வயது, ஊர் எல்லாம் கேட்டு முடித்து, விலை தெரிய நம்பரும் ஓடிபியும் வேண்டும் என்றது. கொடுத்தேன். விலைப் பட்டியலை நான் மேலிருந்து கீழே பார்த்து முடிப்பதற்குள் முதல் அழைப்பு. அந்த வாரம் முழுக்க ஓயவில்லை. பேசியவர்களில் ஒரு பெண்ணுக்கு அம்மாவின் வயதுவரை தெரிந்திருந்தது. 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று அனுப்பி விளம்பர அழைப்புகளைத் தடுக்கப் பதிவு செய்யலாம், ஆனால் படிவத்தை நிரப்பும்போதே "தொடர்புகொள்ளச் சம்மதம்" என்ற டிக்கையும் சேர்த்துத்தான் வாங்கியிருப்பார்கள்.

அழைப்பாவது காதில் விழுகிறது. விழாத விஷயம் ஒன்று உண்டு. பர்னிச்சர் கடைக்காரர் ஒருநாள் ஒரு எக்செல் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பில் போடும் இடத்தில் "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிய அத்தனை நம்பர்களும் அதில் இருந்தன. அதை ஃபேஸ்புக்கிலும் கூகுளிலும் ஏற்றினால், அந்த நம்பரில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் போகும். அந்த ஆட்களைப் போலவே இருக்கும் வேறு ஆட்களையும் தேடித் தரும். நம்பர்களைக் குழப்பி, அதாவது ஹாஷ் செய்துதான் அனுப்புகிறோம் என்று சொல்வார்கள். ஒரு நம்பருக்கு எப்போதும் ஒரே குறிதான் வரும், குறியிலிருந்து நம்பருக்கு நேராகத் திரும்ப முடியாது. ஆனால் இந்திய மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒரு பட்டியல் தயாரிக்க ஒரு நல்ல கணினிக்குச் சில மணி நேரம் போதும். அப்புறம் எந்த ஹாஷுக்கு எந்த நம்பர் என்று அகராதி பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளலாம். கடையில் ரொக்கமாகப் பணம் கொடுத்துக் கட்டில் வாங்கியவரும் இப்படித்தான் இணையத்துக்குள் வந்துவிடுகிறார்.

கடையில் நம்பர் கேட்டால் "வேண்டாங்க" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பில்லிங் கம்ப்யூட்டர் நம்பர் இல்லாமல் நகராது என்பார்கள். பெரும்பாலும் நகரும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, மொபைல் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக்கூடாது என்று கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சொன்னால் சில கேஷியர்கள் சிரிப்பார்கள், ஆனால் பில் வந்துவிடும். ஓடிபி இல்லாமல் முடியாது என்ற இடங்களுக்கு இரண்டாவது சிம் ஒன்று இருக்கிறது. அதை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் சில மாதத்தில் அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்விடும், எனவே பணம் சம்பந்தப்பட்ட எதையும் அதோடு சேர்ப்பதில்லை. மின்னஞ்சலுக்கு ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, டக்டக்கோ போன்றவை தரும் மாற்று முகவரி. ஜிமெயிலில் பெயரோடு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துத் தனி முகவரிபோல் கொடுக்கும் பழைய உத்தி முகவரி சேர்ப்பவர்களிடம் செல்லாது, கூட்டலுக்குப் பின்னால் இருப்பதை அவர்கள் வெட்டிவிடுவார்கள்.

போனில் ஒரே ஒரு இடத்தை மட்டும் காட்டச் சொன்னால் விளம்பர அடையாள எண்ணைக் காட்டுவேன். ஆண்ட்ராய்டில் அமைப்புகள், தனியுரிமை, விளம்பரங்கள் என்று போனால் அதை நீக்கும் தேர்வு இருக்கும். சில போன்களில் கூகுள் என்ற பகுதிக்குள் ஒளிந்திருக்கும். நீக்கினால் எந்த ஆப்பும் நிற்காது. பல ஆப்கள் உங்களை ஒருவரென்று சேர்த்துப் பார்க்கும் நூல் மட்டும் அறுகிறது. ஐபோனில் புது ஆப் திறந்ததும் "பின்தொடர அனுமதிக்கவா?" என்று 2021 முதல் கேட்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். விளம்பரத்தையும் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற ஆட்ஆனை ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் போட முடியும், போனில் உள்ள குரோமில் எந்த ஆட்ஆனும் போட முடியாது. நான் சும்மா படிப்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ், வங்கிக்கும் அரசுத் தளங்களுக்கும் குரோம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். தடுப்பு போட்ட பிரவுசரில் பேமென்ட் பாதியில் தொங்கினால் ஏற்படும் பதற்றம் வேண்டாம் பாருங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு இணைப்பு அனுப்பும்போது வாலை வெட்டிவிடுகிறேன். யூடியூபில் பகிர் பட்டனை அழுத்தினால் இணைப்பின் கடைசியில் எஸ்ஐ என்று தொடங்கும் ஒரு நீளமான குறி ஒட்டிக்கொண்டு வரும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இணைப்புகளிலும் இப்படி உண்டு. யார் பகிர்ந்தார், யார் திறந்தார் என்பதைக் கோத்துப் பார்க்க அது உதவும். கேள்விக்குறிக்கு அப்புறம் வருவதை நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள், பக்கம் வந்தால் வால் தேவையில்லாதது. யூடியூபின் நீள இணைப்பில் மட்டும் 'வி' என்று தொடங்கும் பகுதியை விட்டுவையுங்கள், வீடியோவின் எண்ணே அதுதான்.

பர்னிச்சர் கடைக்காரரின் தாளை இன்னும் ஏற்றவில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகளை 2025 நவம்பரில் அறிவித்தார்கள். கடைகள், நிறுவனங்கள் செய்ய வேண்டியவற்றுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அதற்குப் பிறகு எதற்காக நம்பர் வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ அந்த அறிவிப்பைப் படிக்க வாடிக்கையாளருக்கு வழி இருக்க வேண்டும், தமிழும் அதில் அடக்கம். இதைச் சொன்னதும் அவர் கேட்டார்: "அப்ப ஏற்கெனவே வாங்கி வச்ச நம்பரையெல்லாம் என்ன பண்றது?" முன்பே சம்மதம் வாங்கியிருந்தால் அவர்களுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும், வேண்டாம் என்பவர்களை எடுத்துவிட வேண்டும் என்றேன். பில் போடும்போது சொல்லிவிட்டுப் போனதெல்லாம் சம்மதக் கணக்கில் வருமா என்று கேட்டார். வராது என்று சொல்லியிருக்கிறேன். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வருவதாகப் போயிருக்கிறார்.